அம்மாவின் விரல் வீக்கம்: ஐஸா, வயசா, வேறு ஏதாவதா?

#1 கடலோரத்தான் (காசிமேடு)
ஞாயிறு இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. 27 வருஷமாக மீன் கடை. ராத்திரி இரண்டரைக்கு எழுந்து ஏலத்துக்குப் போய், கூடை எடுத்து, ஆறு மணிக்குள் மார்க்கெட்டில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவார். சங்கரா, வஞ்சிரம், கிடைத்தால் வவ்வால். கேட்டவர்களுக்கு ஆய்ந்தும் கொடுப்பார்.

மார்ச்சிலிருந்து, அதாவது எட்டு மாதமாக, கை சரியில்லை. இரண்டு கையிலும் விரல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கும் முட்டிகள் வீங்கியிருக்கின்றன. மணிக்கட்டும் அப்படித்தான். முதலில் மோதிரம் கழலவில்லை, சோப்பு போட்டுக் கழற்றினோம். இப்போது ஏலத்தில் நோட்டு எண்ண விரல் மடங்குவதில்லை. பக்கத்துக் கடை அக்காவிடம் கொடுத்து எண்ணச் சொல்கிறார். என் அம்மா அடுத்தவர் கையில் பணத்தைக் கொடுத்து எண்ணச் சொல்கிறார் என்றால் வலி எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா சொல்வது, "ஐஸ்ல கை வெச்சு வெச்சு வந்தது." தெருமுனை டாக்டர் சொன்னது, வயசானால் வரும், கால்சியம் போடுங்கள். மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையில் மத்தியானம் வரை ஓடுகிறது. போன வாரம் மாமா எங்கிருந்தோ ஒரு பொடி வாங்கி வந்தார். பொட்டலத்தில் பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. நாலே நாளில் வீக்கம் வற்றிவிடும் என்று உத்தரவாதம் மட்டும் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.

இது மூட்டுத் தேய்மானமா? எந்த டாக்டரிடம் போவது?

#2 மூலக்கடை மாமா
ஞாயிறு இரவு 10:52

முடவாட்டுக்கால் கிழங்கு சூப். 48 நாள். மிளகு தூக்கலாக. என் மச்சினி மாடிப்படியே ஏறமாட்டாள், இப்போது மொட்டை மாடியில் வடகம் காயவைக்கிறாள். வேறு பேச்சே வேண்டாம்.

#3 வியாசை ஃபிசியோ
ஞாயிறு இரவு 11:30

தம்பி, நான் டாக்டர் இல்லை, வியாசர்பாடியில் பிசியோதெரபிஸ்ட். அதனால் பதில் சொல்வதற்கு முன்னால் நாலு கேள்வி.

காலையில் எழுந்ததும் விரல் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது? பத்து நிமிஷமா, இரண்டு மணி நேரமா? வேலை செய்யச் செய்ய வலி கூடுகிறதா, அல்லது கொஞ்சம் இளகுகிறதா? வீக்கத்தைத் தொட்டால் கல் மாதிரி இருக்கிறதா, மெத்தென்று சூடாக இருக்கிறதா? நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு வலிக்கிறதா, அது தப்பித்திருக்கிறதா?

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், 'மூட்டு வலி' என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் என்று சொல்வது மாதிரிதான் அதுவும். ஆட்டுக்கால் எலும்பின் நுனியில் வெள்ளையாக, பளபளவென்று ஒரு மூடி இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. நமக்கும் எலும்பு முனைகளில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு அது இருக்கிறது. இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு பை மூடியிருக்கும். அந்தப் பையின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வு சுரக்கிற வழவழப்பான நீரில்தான் மூட்டு வழுக்கி ஓடுகிறது. நிறைய இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நல்ல முழங்காலில்கூட ஒரு டீஸ்பூன் தேறாது.

சிலருக்குக் கெடுதல் குருத்தெலும்பில் தொடங்குகிறது. அது மெலிந்து, வெடித்து, எலும்பு ஓரங்களில் முள் மாதிரி வளரும். அதைத்தான் தேய்மானம் என்கிறோம். வேறு சிலருக்கு நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தச் சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சவ்வு தடித்து, நீர் கோத்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இதுதான் முடக்குவாதம். கடைசியில் இரண்டிலும் மூட்டு கெட்டுத்தான் போகும். ஆனால் வைத்தியம் வடக்கும் தெற்கும்.

#4 பழைய ஃபிட்டர் (பெரம்பூர்)
திங்கள் காலை 6:15

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம், சக்கரச் சட்டம் செய்கிற போகி ஷாப்பில் வேலை. பேரிங் தெரியும். கிரீஸ் வற்றினால் தேயும், தேய்ந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் மாற்ற வேண்டியதுதான். என் இரண்டு முழங்காலும் அந்த நிலையில் இருக்கின்றன. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் நாலாவது கிரேடு, அதாவது தேய்மானத்தில் கடைசிப் படி என்றார். ஓட்டத்தைக் குறைத்தால் பேரிங் கொஞ்ச நாள் தாங்கும் என்பதால் நடப்பதைக் குறைத்துவிட்டேன். அந்தத் தம்பியும் அம்மாவுக்கு முதலில் ஓய்வு கொடுக்கட்டும்.

#5 வியாசை ஃபிசியோ
திங்கள் காலை 7:40

ஐயா, மன்னிக்க வேண்டும், இந்த பேரிங் கணக்கு உங்களைக் கெடுக்கிறது. பேரிங் செத்த இரும்பு. குருத்தெலும்பு உயிருள்ளது, ஆனால் அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு எப்படிப் போகிறது தெரியுமா? நடக்கும்போது அழுத்தம் விழுந்து, ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்ட மாதிரி நீர் வெளியே போய், கால் தூக்கும்போது மறுபடி உறிஞ்சும். நடக்காமல் உட்கார்ந்தால் அதைப் பட்டினி போடுகிறீர்கள். கூடவே தொடைத் தசை வற்றும், தாங்குகிற ஆள் இல்லாமல் எல்லாப் பாரமும் மூட்டின் மேலேயே இறங்கும். எக்ஸ்ரேயில் நாலாவது கிரேடு இருந்தும் சந்தைக்கு நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். படம் சுமாராக இருந்தும் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் கதையைத் தனியாகப் பேசலாம். இது அந்தத் தம்பியின் இழை.

#6 கடலோரத்தான்
திங்கள் மாலை 4:05

அண்ணா, அம்மாவிடம் கேட்டேன். இரண்டரைக்கு எழுந்தால் ஐந்து மணி வரை விரல் மடங்குவதில்லை. வேலை ஓட ஓடக் கொஞ்சம் இளகுகிறதாம். தொட்டால் மெத்தென்று சூடாகத்தான் இருக்கிறது. நகத்தை ஒட்டிய மூட்டில் ஒன்றுமில்லை.

இன்னொன்று நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் தோன்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு போகாது. ஃபைபர் படகு மீன் வரும், ஆனால் அம்மா அந்த 61 நாளும் கடை போடமாட்டார். ஐஸும் இல்லை, அரிவாள்மனையும் இல்லை. அப்போது கை சரியாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. மே மாதம்தான் வீக்கமே அதிகம். இதைப் பெரியம்மாவிடம் சொன்னால், "உள்ள எறங்குன குளிர் அவ்ளோ சீக்கிரம் போவுமா" என்கிறார்.

#7 வியாசை ஃபிசியோ
திங்கள் மாலை 5:20

நல்ல கவனிப்பு. எந்த டாக்டரிடம் போனாலும் இந்தத் தடைக்கால விஷயத்தை முதலில் சொல்.

தேய்மானம் என்றால் ஓய்வில் அடங்கும், காலை இறுக்கம் அரை மணிக்குள் விடும், பெரும்பாலும் நகத்தை ஒட்டிய மூட்டிலும் கட்டைவிரல் அடியிலும் வரும். அம்மாவுக்கு எல்லாமே தலைகீழ். இரண்டு கையிலும் ஒரே இடம், இரண்டரை மணி நேர இறுக்கம், ஓய்வில் குறையவே இல்லை. குளிரில் இறுக்கம் கூடலாம், ஆனால் ஐஸ் இந்த நோயைக் கொண்டுவராது. அப்படியென்றால் காசிமேட்டில் பாதிப் பேருக்கு வந்திருக்கும்.

எலும்பு டாக்டர் இல்லை, ருமட்டாலஜிஸ்ட் பார்க்க வேண்டும். வாதநோய் நிபுணர். ஜிஎச்சில், அதாவது சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில், இதற்குத் தனித் துறை இருக்கிறது, ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார். வெறும் ஓ.பி. சீட்டில் 'கை வலி' என்று எழுதவிடாதே. 'எட்டு மாதமாக இரண்டு கை முட்டி வீக்கம், காலை இரண்டரை மணி நேரம் இறுக்கம்' என்று நீயே வாய்விட்டுச் சொல். இந்த நோயில் முதல் சில மாதங்கள் தங்கம். எலும்பு அரிப்பதற்கு முன்னால் மருந்து உள்ளே போக வேண்டும்.

#8 மூலக்கடை மாமா
திங்கள் மாலை 5:31

இங்கிலீஷ் மருந்துக்குப் போனால் ஆயுள் முழுக்க மருந்துதான். கிழங்கு கொல்லிமலையில் விளைவது. சைட் எஃபெக்ட் கிடையாது.

#9 வண்ணாரப்பேட்டை செல்வி
செவ்வாய் இரவு 9:50

தம்பி, உன் முதல் பதிவைப் படித்தபோது என் கையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு இது 11 வருஷமாக இருக்கிறது.

எனக்கு 29 வயதில் வந்தது. இரண்டாவது குழந்தை பிறந்து நாலு மாதம். ஊக்கு குத்த முடியாமல் குழந்தைக்குத் துணியை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். முடிச்சை அவிழ்க்க மாமியாரைக் கூப்பிடுவேன். பச்சை உடம்பு, வாயு ஏறிவிட்டது, உருளைக்கிழங்கு சாப்பிடாதே, தயிர் சாப்பிடாதே. எல்லாம் கேட்டேன். பூண்டுக் குழம்பு தின்று தின்று வீடே நாறியது. அசதி வேறு. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கிய உடம்பு மாதிரி இருக்கும். ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த ரத்தசோகையே இந்த நோயால் வந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. இது மூட்டோடு நிற்கிற நோய் இல்லை. கண் வறளும், நுரையீரலைத் தொடும், இதயத்துக்கும் ஆபத்தைக் கூட்டும்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது. அதற்குக் கூலியாக என் இடது மோதிர விரல் கோணிவிட்டது, இனி நிமிராது. பிளவுஸ் தைக்கிறவளுக்கு இடது கை எவ்வளவு முக்கியம் என்று துணி பிடித்துத் தைத்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு டாக்டரம்மா கையைப் பிடித்து ஒவ்வொரு முட்டியாக அமுக்கிப் பார்த்தார். அதற்கு முன்னால் யாரும் கையைத் தொட்டதே இல்லை. ரத்தம் எடுத்தார்கள். முடக்குவாதமா என்று பார்க்க ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி.; உடம்பில் அழற்சி எவ்வளவு என்று பார்க்க ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பாசிட்டிவ் வந்தால் நோய் உண்டு என்றும் அர்த்தமில்லை, வயதானவர்களில் சிலருக்குச் சும்மாவே பாசிட்டிவ் வரும். ஆன்டி சி.சி.பி. இன்னும் நம்பகமானது. ஆனாலும் கையைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து மட்டும் முடிவு சொல்கிறவரை நம்பாதே.

மருந்து மெத்தோட்ரெக்சேட், மூட்டைத் தாக்குகிற எதிர்ப்பு சக்தியை அடக்குவது. கவனமாகக் கேள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி தினமும் போட்டுவிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, மரணத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். தினசரி காலண்டரில் ஞாயிறு சிவப்பு, மறக்காது. ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். டாக்டர் சொல்கிற இடைவெளியில் ஈரல் டெஸ்ட், ரத்த அணு எண்ணிக்கை. குடிப்பழக்கம் ஆகாது. குழந்தை வேண்டும் என்று இருக்கிற பெண்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் இந்த மருந்து கூடவே கூடாது.

போட்ட மறுநாள் வலி போகாது. ஆறு வாரம், சில பேருக்கு மூன்று மாதம்கூட ஆகும். பாதிப் பேர் இங்கேதான் 'இது கேட்கவில்லை' என்று விட்டுவிட்டு மூலக்கடை மாமாவிடம் போகிறார்கள்.

#10 மூலக்கடை மாமா
செவ்வாய் இரவு 10:02

நான் என்ன பணமா கேட்டேன்? நல்லதுக்குச் சொன்னால் கிண்டல்.

#11 கொருக்குப்பேட்டை சித்தன்
செவ்வாய் இரவு 11:15

மாமா, கோபப்படாதீர்கள். நான் சித்த மருத்துவம் படித்தவன், உங்கள் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'ஒரே கிழங்கு எல்லா மூட்டுக்கும்' என்று நம் வைத்தியமும் சொல்லவில்லை. கீல் என்றால் பொருத்து, கதவுக் கீல் என்கிறோமே அது. அதில் வருவது கீல்வாயு. வாத நோய்களை 80 வகை என்று பிரித்தவர்கள் நம் ஆட்கள். தேய்மானம் மாதிரி வருவதை அழல் கீல்வாயு என்றார்கள். அம்மாவுக்கு இருப்பது மாதிரி வீங்கி, சுட்டு, கை மடங்காமல் போவதை உதிரவாத சுரோணிதம் என்று தனியாக வைத்தார்கள். பெயரே வேறு, மருந்தும் வேறு.

முடவாட்டுக்கால் சூப் ருசியானது. முடக்கத்தான் தோசையும் அப்படித்தான், என் வீட்டில் வாரம் ஒரு முறை உண்டு. ஆனால் எலும்பு அரிக்கிற நோயைச் சாப்பாட்டுக்கு விட்டுவிட்டு உட்கார முடியாது. அம்மாவை முதலில் ருமட்டாலஜிக்கு அழைத்துப் போங்கள். சித்த மருந்து எதையாவது சேர்த்து எடுத்தால் இரண்டு டாக்டருக்கும் சொல்லிவிட்டு எடுங்கள், ஈரல் ஒன்றுதான் இருக்கிறது.

#12 தங்கசாலை மருந்தாளர்
புதன் காலை 10:10

அந்தப் பெயரில்லாத பொடியைப் பற்றி யாரும் பேசவில்லையே!

25 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நாலு நாளில் வீக்கம் வற்றும், பசி எடுக்கும், தூக்கம் வராது, உடம்பில் ஒரு தெம்பு வரும் என்றால் அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மூலிகை என்று சொல்லி விற்பார்கள். மூன்று மாதத்தில் முகம் பூரி மாதிரி உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். அதைவிட மோசம் என்னவென்றால், நோய் உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், வலி மட்டும் தெரியாது. ஏற்கனவே மாதக்கணக்கில் இப்படி ஏதாவது சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே வந்துவிடும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாக இறக்குவார்.

வலி மாத்திரையும் மிட்டாய் இல்லை. அதில் ஒன்றான டைக்ளோஃபினாக் பற்றி ஒரு விஷயம். நம் ஊரில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது ஞாபகம் இருக்கிறதா? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்தான். அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். நாம் கழுகு இல்லை, நமக்கு அந்த அளவு விஷம் இல்லை. ஆனால் சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் மாதக்கணக்கில் தினமும் போட்டால் சிறுநீரகமும் வயிறும் பதில் சொல்லும். தம்பி, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறார்?

#13 கடலோரத்தான்
புதன் மதியம் 1:30

இரண்டு. சில நாள் மூன்று. வெறும் வயிற்றில், டீயோடு.

#14 தங்கசாலை மருந்தாளர்
புதன் மதியம் 1:34

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற கிரியேட்டினின் டெஸ்டும் எடுத்துவிடு. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேள். போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிவதாக இருக்கலாம், ருமட்டாலஜிக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

#15 எண்ணூர் எக்ஸ்பிரஸ்
புதன் இரவு 11:48

எனக்கு 41. போன சனிக்கிழமை நண்பன் வீட்டு விசேஷம். நெத்திலி வறுவல், ஈரல், பீர். ராத்திரி மூன்று மணிக்குக் கால் கட்டைவிரல் அடியில் யாரோ ஆணி அடித்த மாதிரி எழுந்தேன். போர்வை பட்டால்கூட அலறல். இதுவும் முடக்குவாதமா?

#16 வியாசை ஃபிசியோ
வியாழன் காலை 7:05

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கவுட் மாதிரி இருக்கிறது. யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிந்து மூட்டுக்குள் தீ வைக்கும். நண்பன் வீட்டு மெனு அப்படியே யூரிக் அமிலம் கூட்டுவதற்கென்று போட்ட மாதிரி இருக்கிறது. டாக்டரைப் பாருங்கள், காய்ச்சலும் இருந்தால் உடனே பாருங்கள், மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் வலிக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த டெஸ்டில் யூரிக் அமிலம் சரியாக இருப்பதாக வரலாம், அதை நம்பி விட்டுவிடாமல் இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

#17 தண்டையார்பேட்டை தனம்
வியாழன் காலை 11:20

2006இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் தெருவே நொண்டியது. பால் வாங்கப் போனால் எல்லாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அந்த வலி ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. தம்பி அம்மாவுக்கு அப்படி ஏதாவது காய்ச்சல் வந்ததா?

#18 வியாசை ஃபிசியோ
வியாழன் மதியம் 12:45

நல்ல கேள்வி அக்கா, நான் கேட்க மறந்தது. சிக்குன்குனியா என்பதே ஆப்பிரிக்காவில் மகொண்டே மக்களின் சொல், வளைந்து போவது என்று அர்த்தம். காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் விரல் முட்டிகள் வீங்கியிருக்கும், பார்ப்பதற்கு அப்படியே முடக்குவாதம் மாதிரி. அதனால்தான் டாக்டர்கள் முன்பு காய்ச்சல் வந்ததா என்று கேட்பார்கள்.

#19 கடலோரத்தான்
வியாழன் இரவு 8:00

காய்ச்சல் எதுவும் இல்லை அக்கா. பொடியைக் குப்பையில் போட்டாயிற்று, மாமா பேசுவதில்லை. வரும் வாரம் டோக்கன் போடப் போகிறேன்.

#20 பழைய ஃபிட்டர்
வெள்ளி காலை 6:20

இழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது, அதனால் என் கதை. ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குடம் தூக்குவது சம்சாரம். நான் வேடிக்கை பார்ப்பது அவமானமாக இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, செய்தால் எத்தனை வருஷம் ஓடும்? வயது 67, எடை 84 கிலோ.

#21 வியாசை ஃபிசியோ
வெள்ளி காலை 8:30

ஐயா, முதலில் 84ஐப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் தாங்குகிற பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் ஒரு அடிக்கு 20 கிலோ. நீங்கள் ஃபிட்டர், கணக்கு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலை இறுக்கிப் பத்து எண்ணி இறக்குங்கள். காலையும் மாலையும். கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள், எல்லோரும் தப்பாகவே பிடிக்கிறார்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். தரையில் சம்மணம் வேண்டாம். இந்தியன் டாய்லெட் என்றால் மேலே போடுகிற ஸ்டூல் விற்கிறார்கள், வெட்கப்படாமல் வாங்குங்கள்.

மூன்று மாதம் இதை ஒழுங்காகச் செய்தும் ராத்திரித் தூக்கம் கெடுகிறது, நடை முடியவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். பயப்படுகிற விஷயம் இல்லை. மாற்றிய மூட்டுகளில் பத்துக்கு எட்டு, 25 வருஷம் தாங்குகின்றன. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டு விலைக்கு உச்சவரம்பு வைத்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் செய்கிறார்கள், உங்களுக்கு ரயில்வே மருத்துவமனையும் இருக்கிறது.

#22 பழைய ஃபிட்டர்
வெள்ளி காலை 8:41

எதிர்க் கையிலா! நாலு வருஷமாக அதே பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எந்த டாக்டரும் சொல்லவில்லையே.

#23 கடலோரத்தான்
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:10

பாதியில் விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிக்கவும். ஆன்டி சி.சி.பி. நல்ல பாசிட்டிவ். ஈ.எஸ்.ஆர். 70க்கு மேல். கை எக்ஸ்ரேயில் ஒரு முட்டியில் லேசாக அரிப்பு தொடங்கியிருக்கிறது என்றார்கள், மற்றவை தப்பித்துவிட்டன. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் தொடங்கி ஐந்து வாரம். எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைதான், செல்வி அக்கா. அட்டையை அம்மாவிடம் கொடுப்பதில்லை, நான் ஒரு மாத்திரைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் மருந்து வேலை செய்யும் வரை என்று டாக்டரும் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு கொடுத்தார். மாமா இதைக் கேள்விப்பட்டு, "நான் குடுத்தா வெஷம், அவரு குடுத்தா மருந்தா" என்று வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு விதத்தில் நல்லது, பேச்சு வந்துவிட்டது. குறைந்த அளவு, எழுதிய சீட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குறைத்து நிறுத்துவது என்று நான் விளக்கினேன். கேட்டாரா தெரியாது, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

காலை இறுக்கம் இப்போது முக்கால் மணி. போன செவ்வாய் ஏலத்தில் நோட்டை அம்மாவே எண்ணினார். மெதுவாக, எச்சில் தொட்டு, இரண்டு முறை. பக்கத்துக் கடை அக்கா முன்பு எண்ணியதில் ஏதோ குறைந்திருக்கும் என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

டாக்டரிடம் அம்மா கேட்ட ஒரே கேள்வி, கடை போடலாமா. போடலாம், ஆனால் விரலை இறுக்கிப் பிடிக்கிற வேலையைக் குறைக்கச் சொன்னார். ஆய்வதற்கு ஒரு பையனை வைத்திருக்கிறோம். செதில் சுரண்டுவதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். அந்தச் சுரண்டியின் கைப்பிடி பென்சில் அளவுதான் இருக்கிறது. தடித்த பிடி எங்காவது கிடைக்குமா?

#24 வண்ணாரப்பேட்டை செல்வி
ஞாயிறு இரவு 9:35

முக்கால் மணியா! சந்தோஷம்டா தம்பி. கடையில் தேடாதே. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பிடி கை நிறைய வரும் வரை சுற்று. என் கத்தரிக்கோலுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். ஈரத்திலும் வழுக்காது.

#25 பழைய ஃபிட்டர்
திங்கள் காலை 6:10

டியூப் உப்புத் தண்ணீரில் நாலு மாதம்கூட வராது. வேப்பங்கட்டையில் கடைந்து தருகிறேன், பட்டறை வைத்திருக்கிற பழைய ஆள் ஒருவர் இருக்கிறார். அம்மா டம்ளர் பிடிக்கிற மாதிரி கையை வளைத்து வைக்கச் சொல்லி, உள் அளவை நூலால் எடுத்து அனுப்பு. சுரண்டித் தகட்டின் தடிமனும் வேண்டும். காசிமேட்டுக்கு நானே கொண்டுவருகிறேன், இப்போது 80 கிலோ, தடி எதிர்க் கையில்.